தாராவியில் ஒரு ஃபயர்வால்: நான்கு போர்ட் நெட்வொர்க் கார்டை மாற்றிய அனுபவம்

ஜூன் மாத முதல் வாரத்துத் திங்கட்கிழமை, முற்பகல் பதினொன்றரை மணிக்குத் தாராவி தொண்ணூறடிச் சாலையை ஒட்டிய ஒரு தோல்பொருள் ஏற்றுமதி அலுவலகத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. "தம்பி, பில்லு போட முடியல, கேமராவும் இல்ல, அந்தப் பெட்டி போயிருச்சுன்னு நினைக்கேன்" என்றார் உரிமையாளர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்காகத் தாராவிக்கு வந்து குடியேறிய குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை அவர்; அந்தத் தெருவில் அனைவருக்கும் அண்ணாச்சி. சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் அன்று மாலைக்குள் ஒரு ஷிப்பிங் பில்லைப் பதிவுசெய்தாக வேண்டும் என்பதால் அவர் குரலில் பதற்றம் இருந்தது.

அந்தப் 'பெட்டி' ஆறாண்டுகளுக்கு முன் நான் அமைத்துக்கொடுத்த ஃபயர்வால்; இணையத்துக்கும் அலுவலக வலையமைப்புகளுக்கும் நடுவே நின்று எந்தத் தரவு போகலாம், வரலாம் என்று தீர்மானிக்கும் கணினி. ஒரு யூ உயரமுள்ள ரேக் பெட்டி, அதன் மதர்போர்டில் இரண்டு போர்ட்கள், ரைசர் (கார்டைப் படுக்கவைத்துச் செருக உதவும் இடைப்பலகை) ஸ்லாட்டில் இன்டெல் ஐ350 சிப் கொண்ட நான்கு போர்ட் நெட்வொர்க் கார்டு, மென்பொருளாக பிஎஃப்சென்ஸ். மதர்போர்டின் முதல் போர்ட்டில் முதன்மை இணைய இணைப்பும் இரண்டாவதில் பொது அலுவலக வலையமைப்பும் இருந்தன. கார்டின் முதல் போர்ட்டில் மாற்று இணைய இணைப்பு, இரண்டாவதில் கணக்கு அறை, மூன்றாவதில் பட்டறையின் வைஃபை, நான்காவதில் சந்துக்கு எதிர்ப்புறம் உள்ள கிடங்கும் அதன் கேமராக்களும்.

ஒரே போர்ட்டில் விலேன் (ஒரே கேபிளில் ஓடினாலும் மென்பொருளால் பிரிக்கப்பட்ட தனித்தனி வலையமைப்புகள்) அமைத்து, மேலாண்மை வசதியுள்ள சுவிட்ச் ஒன்றைக்கொண்டு இவை அனைத்தையும் பிரித்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பிரித்திருக்கலாம்தான். ஆனால் ஒரே கேபிளில் பல விலேன்கள் ஓடும்போது, ஒரு விலேனிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் தரவு அதே கேபிளில் ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்கியாக வேண்டும். அந்த ஒரு ஜிகாபிட்டை எல்லோரும் பங்குபோட வேண்டும். அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்ட காரணம் வேறு. அந்த அலுவலகத்தில் சுவிட்சின் அமைப்புகளைத் திருத்தத் தெரிந்தவர் எவரும் இல்லை. கணக்கு பார்க்கும் அக்காவுக்கோ, "நீல ஸ்டிக்கர் ஒட்டிய கேபிள் கணக்கு அறை" என்று தொலைபேசியில் சொன்னால் புரியும். கண்ணால் பார்த்து, கையால் பிடுங்கிச் செருகக்கூடிய பிரிவினை சிறு அலுவலகங்களுக்கு மிகவும் ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. நான்கு போர்ட் கார்டுக்கு நான் செலவழிக்கச் சொன்னதும் அதற்காகத்தான்.

நான் சயானிலிருந்து நடந்து போய்ச் சேர்ந்தபோது, மதர்போர்டின் இரண்டு போர்ட்களும் இயங்கிக்கொண்டிருந்தன. கார்டின் நான்கு போர்ட்களிலும் ஒரு விளக்குக்கூட எரியவில்லை. கன்சோலில் பார்த்தால் அந்த நான்கு இடைமுகங்களும் பட்டியலிலேயே இல்லை. பெட்டியை முறையாக நிறுத்தி, ஐந்து நிமிடம் மின்சாரத்தைத் துண்டித்து மீண்டும் இயக்கியதும் நான்கும் திரும்பின. முதல் மூன்றும் 1000 மெகாபிட்டில் இணைந்தன. நான்காவது 100 மெகாபிட்டில் வந்தது, அறுந்தது, மீண்டும் வந்தது. அண்ணாச்சியின் ஷிப்பிங் பில் அன்று போய்விட்டது. எனக்கு வேலை அப்போதுதான் தொடங்கியது.

நான்காவது போர்ட் 100 மெகாபிட்டில் வருவது ஒரு நல்ல துப்பு. 1999இல் வரையறுக்கப்பட்ட 1000பேஸ்-டி முறை கேபிளின் நான்கு இணைக் கம்பிகளையும் பயன்படுத்துகிறது. 100பேஸ்-டிஎக்ஸ் முறைக்கு 1, 2, 3, 6 ஆகிய முனைகளில் வரும் இரண்டு இணைகளே போதும். எந்த வேகத்தில் பேசுவது என்று இரு முனைகளும் செய்துகொள்ளும் பேச்சுவார்த்தையும் இந்த இரண்டு இணைகளிலேயே நடக்கிறது. ஆகவே 4, 5 அல்லது 7, 8 முனைகளின் இணையில் பழுது இருந்தால், இரு பக்கமும் ஜிகாபிட்டுக்கு ஒப்புக்கொள்ளும். பிறகு இணைப்பை நிலைநிறுத்த முயன்று தோற்கும். சில முயற்சிகளுக்குப்பின் கார்டு தானாகவே 100க்கு இறங்கிவிடும். பெரும்பாலும் இதற்குக் காரணம் கேபிளாகத்தான் இருக்கும், அதிலும் கிரிம்ப் செய்த ஆர்ஜே45 முனையாகத்தான் இருக்கும். எனவே கேபிளைத்தான் முதலில் சந்தேகித்தேன்.

கிடங்குக்குப் போகும் கேபிளைக் கழற்றி என் பையில் இருந்த சிறிய ஜிகாபிட் சுவிட்சில் செருகினேன், 1000இல் வந்தது. புதிய பேட்ச் கேபிள் ஒன்றால் கார்டின் நான்காவது போர்ட்டை அதே சுவிட்சோடு இணைத்தேன், 100இல் வந்தது. அதே பேட்ச் கேபிளை இரண்டாவது போர்ட்டில் செருகினேன்; 1000. பழுது கேபிளில் இல்லை, போர்ட்டில்தான் என்பது இந்த மூன்று செருகல்களில் முடிவானது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பதை இத்தொழிலில் எல்லோரும் அறிவோம். ஆனாலும் வாடிக்கையாளர் பின்னால் நின்று கடிகாரத்தைப் பார்க்கும்போது, கேபிளையும் போர்ட்டையும் சேர்த்தே மாற்றிவிடும் அவசரம் வரத்தான் செய்கிறது. அந்த அவசரத்துக்கு இடம் கொடுக்காமல் இருந்ததால்தான் பின்னால் நடந்தவை விளங்கின.

அடுத்து ஒவ்வொரு போர்ட்டின் பிழை எண்ணிக்கையையும் பார்த்தேன். முதல் இரண்டில் சிஆர்சி பிழை, அதாவது வழியில் சிதைந்து வந்த தரவு, பூஜ்யம். மூன்றாவதில், இணைப்பு 1000இல் நிலையாக நின்றபோதே, சிஆர்சி பிழைகள் நிமிடத்துக்குச் சில என்ற கணக்கில் ஏறிக்கொண்டிருந்தன. பட்டறை வைஃபை மெதுவாக இருப்பதாகச் சில வாரங்களாகவே வேலையாட்கள் குறைப்பட்டதாக அக்கா அப்போது சொன்னார். ஐ350இன் அமைப்பை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது. நான்கு போர்ட்களுக்கும் தனித்தனிச் சிப் இல்லை. கம்பியோடு நேரடியாகப் பேசும் மின்சுற்று உட்பட நான்கும் ஒரே சிப்புக்குள் இருக்கின்றன. நான்காவதைத் தாக்கிய எதுவோ, அடுத்திருந்த மூன்றாவதையும் தொட்டிருக்கிறது.

எப்போது தொட்டது என்பதைக் கண்டுபிடிக்கப் பதிவுகள் உதவின. 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, பதிவுகளை 180 நாட்களுக்குப் பாதுகாக்கவும் சாதனங்களின் கடிகாரங்களை நேரச் சேவையகத்தோடு ஒத்திசைக்கவும் சொல்கிறது. அதன்பிறகு இந்த அலுவலகத்தின் ஃபயர்வால் பதிவுகளைத் தனிக் கணினி ஒன்றில் சேமித்துவந்தேன். அவற்றைப் பின்னோக்கிப் புரட்டியபோது, மே மாதம் மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் இரவு 8.42க்கு நான்காவது போர்ட்டின் இணைப்பு அறுந்திருந்தது. மீண்டும் வந்தபோது அது 100 மெகாபிட். கிடங்கிலுள்ள கேமரா பதிவுக்கருவியும் அதே 8.42க்கு இணைப்பு அறுந்ததைக் குறித்துவைத்திருந்தது. இரு கடிகாரங்களும் ஒத்திருந்ததால் இதை நம்ப முடிந்தது. அன்றிரவு என்ன நடந்தது என்று கேட்டபோது அண்ணாச்சி சற்றும் யோசிக்கவில்லை. "மழைக்கு முந்தி ஒரு நாள் பெரிய இடி இடிச்சுதுல்லா, அன்னைக்குத்தான்" என்றார்.

கிடங்குக்குப் போகும் கேபிள் சுமார் 60 மீட்டர் நீளம். அதில் பெரும்பகுதி சந்தின் மேல், தார்ப்பாய்களுக்கும் மின்கம்பிகளுக்கும் இடையே திறந்தவெளியில் தொங்குகிறது. இடி அக்கட்டடத்தில் விழவேண்டியதில்லை. அருகில் எங்கோ விழுந்தாலும் இவ்வளவு நீளமான செம்புக் கம்பியில் ஆயிரக்கணக்கான வோல்ட் தூண்டப்படலாம். ஈதர்நெட் போர்ட்டுக்குள் இருக்கும் சிறு மின்மாற்றி 1500 வோல்ட்டை ஒரு நிமிடம் தாங்க வேண்டும் என்பது தரநிலை. அன்றாடத் தேவைக்கு அது போதும், இடிக்குப் போதாது. இந்தக் கேபிளை ஆறாண்டுகளுக்கு முன் இழுத்துக் கார்டில் நேராகச் செருகியவன் நான்தான். அன்று 100 மீட்டர் எல்லைக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன், வானத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பிழையை அண்ணாச்சியிடம் ஒப்புக்கொண்டேன்.

அடுத்து எர்த்தைச் சோதித்தேன். அந்தப் பெட்டியின் மூலையில் கை பட்டால் சுள்ளென்று இருக்கும் என்று அலுவலகப் பையன் சொன்னதுதான் காரணம். கிடங்குக் கேபிளின் உலோகக் கவசத்துக்கும் பெட்டியின் சட்டத்துக்கும் இடையே மல்டிமீட்டர் 104 வோல்ட் காட்டியது. எர்த் இல்லாத எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் வழங்கும் பகுதி) கொண்ட எந்தப் பெட்டியும் இப்படித்தான் காட்டும்; அதன் உள்ளே மின்னிரைச்சலை வடிகட்டும் கண்டென்சர்கள் சட்டத்தை ஏறத்தாழ மின்வழங்கலின் பாதி அழுத்தத்தில் மிதக்கவைக்கின்றன. மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் ஆளைக் கொல்லாது. ஆனால் எழுச்சி மின்சாரம் வெளியேற எர்த் வழி இல்லாதபோது, அது போர்ட்கள் வழியே போகும். சுவரிலிருந்த பிளக் பெட்டியை மின்பணியாளர் கழற்றிப் பார்த்தார். பச்சைக் கம்பி, முனையில் பொருத்தப்படாமல் உள்ளே மடித்து வைக்கப்பட்டிருந்தது. அவர் அதைப் பொருத்தியபின் அதே அளவீடு ஒரு வோல்ட்டுக்கும் கீழே வந்தது.

இனி கார்டு. லாமிங்டன் சாலைக்கு மறுநாள் போனேன். கிராண்ட் ரோடு நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். மும்பையில் கணினி உதிரிப்பாகம் தேடுபவர்கள் எல்லோரும் ஏறி இறங்கும் தெரு அது. அங்கே போவதற்கு முன்பே மூன்று விஷயங்களைத் தாளில் எழுதி வைத்திருந்தேன்.

முதலாவது, சிப் ஐ350ஆகவே இருக்க வேண்டும். காரணம் விசுவாசம் அன்று, பெயர். பிஎஃப்சென்ஸின் அடித்தளமான ஃப்ரீபிஎஸ்டி, போர்ட்களுக்கு இயக்கியின் (கார்டை இயக்கும் மென்பொருளின்) பெயரால் பெயரிடுகிறது. ஐ350 போர்ட்கள் ஐஜிபி என்ற பெயரில் வரும். ஃபயர்வால் விதிகள் அனைத்தும் ஐஜிபி2 முதல் ஐஜிபி5 வரையிலான பெயர்களைச் சார்ந்தே இருக்கின்றன. பழைய சர்வர்களிலிருந்து கழற்றப்பட்ட எச்பி நிறுவனத்தின் 366டி கார்டு இன்டெல் ஐ350 சிப் கொண்டது. பார்வைக்கு ஏறத்தாழ அதேபோல் இருக்கும் 331டி கார்டு பிராட்காம் 5719 சிப் கொண்டது, அது பிஜிஇ என்ற பெயரில் வரும். இரண்டும் நன்றாக இயங்கக்கூடிய கார்டுகளே. ஆனால் 331டியைச் செருகினால் ஒவ்வோர் இடைமுகத்தையும் புதிதாக ஒதுக்க வேண்டும்; பிழைக்கு இடம் கூடும்.

இரண்டாவது, போலி. ஐ350 கார்டுகளின் பெயரில் நகல்கள் நீண்டகாலமாகச் சந்தையில் உலவுகின்றன. முன்னொருமுறை வேறொரு வாடிக்கையாளருக்காக இணையவழியில் வாங்கிய 'புத்தம் புதிய' கார்டின் மேல் ஒட்டியிருந்த மேக் முகவரியும் (ஒவ்வொரு போர்ட்டுக்கும் உரிய அடையாள எண்) இயங்குதளம் படித்துச் சொன்ன முகவரியும் வேறுவேறாக இருந்தன. அப்போதிலிருந்து, மூலம் தெரியாத புதிய கார்டைவிட, சர்வரிலிருந்து கழற்றிய பழைய கார்டையே விரும்புகிறேன்; பழையது என்பதை மறைக்காமல் விற்கிறார்கள், சோதித்துப் பார்த்து வாங்கவும் விடுகிறார்கள்.

மூன்றாவது, பிராக்கெட், அதாவது கார்டைப் பெட்டியில் பொருத்தும் உலோகத் தகடு. ஒரு யூ பெட்டியின் உயரம் 44.45 மில்லிமீட்டர், அதில் எந்தக் கார்டும் நிமிர்ந்து நிற்காது, ரைசரின் துணையோடு படுக்கவைக்க வேண்டும். எங்கள் பெட்டியின் வாய் குட்டைப் பிராக்கெட்டுக்கு மட்டுமே பொருந்தும். நீளமான பிராக்கெட்டோடு வாங்கிவந்துவிட்டு, பொருத்தமான குட்டைப் பிராக்கெட்டைத் தேடி அலைவது போன்ற வீண் வேலை வேறில்லை.

ஒரு கடைக்காரர் 'பைபாஸ்' வசதியுள்ள நான்கு போர்ட் கார்டு ஒன்றைக் குறைந்த விலைக்குக் காட்டினார். ஃபயர்வால் பெட்டிகளுக்கென்றே செய்யப்படுவதால் இதுவே பொருத்தமானது என்றார். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். பைபாஸ் கார்டில் போர்ட்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்திருக்கும். ஒவ்வோர் இணைக்கும் இடையே சிறு ரிலேக்கள் இருக்கும். மின்சாரம் நின்றாலோ மென்பொருள் உறைந்தாலோ அந்த ரிலேக்கள் விழுந்து, இரு போர்ட்களையும் நேராக ஒன்றோடொன்று இணைத்துவிடும். நடுவில் பெட்டியே இல்லாததுபோல் தரவு ஓடும். வலையமைப்பின் குறுக்கே அமர்ந்து தரவைக் கவனிக்க மட்டும் செய்யும் கருவிக்கு இது அருமையான ஏற்பாடு. பெட்டி நின்றாலும் வேலை நிற்காது. ஆனால் ஒரு பக்கம் இணையமும் மறுபக்கம் கணக்கு அறையும் இருக்கும் ஃபயர்வாலில், மின்சாரம் போன கணத்தில் இரண்டையும் கம்பியால் இணைத்துவிடுவது பூட்டை எடுத்துவிட்டுக் கதவைத் திறந்துவைப்பதற்குச் சமம். ரிலேயை அணைத்துவைக்கும் வழி பல கார்டுகளில் உண்டு. ஆயினும் அதை அணைக்க மறந்தவர்களின் பட்டியலில் சேர எனக்கு விருப்பமில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அடுத்த கடையில் குட்டைப் பிராக்கெட்டோடு 366டி ஒன்றை 3,200 ரூபாய்க்கு வாங்கினேன்.

வீட்டில், ஒரு பழைய டெஸ்க்டாப்பின் நீண்ட ஸ்லாட்டில் கார்டைச் செருகி, பென்டிரைவிலிருந்து லினக்ஸை இயக்கினேன். நான்கு மேக் முகவரிகளும் தொடர் எண்களாக வந்தன, லேபிளோடும் ஒத்தன. போர்ட் ஒன்றையும் இரண்டையும் ஒரு கேபிளால் இணைத்து, மூன்றையும் நான்கையும் இன்னொன்றால் இணைத்து, ஐபெர்ஃப்3 கொண்டு வேகம் பார்த்தேன். இதில் புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஒரே கணினியின் இரு போர்ட்களுக்கு இடையே சோதித்தால், லினக்ஸ் தரவைக் கேபிளுக்கு அனுப்பாமல் உள்ளுக்குள்ளேயே கைமாற்றிவிடும். பத்து, இருபது ஜிகாபிட் என்று மகிழ்ச்சியான எண் வரும், கார்டு எதுவும் செய்திருக்காது. ஒரு போர்ட்டைத் தனி நெட்வொர்க் நேம்ஸ்பேஸுக்குள் (அதே லினக்ஸுக்குள் வேறொரு கணினிபோல் தனித்து நிற்கும் பகுதி) வைத்தால்தான் தரவு உண்மையிலேயே கம்பியில் ஏறும். அப்படிச் செய்தபோது நான்கு போர்ட்களிலும் 941 மெகாபிட் வந்தது. 1500 பைட் சட்டகத்தில் (கம்பியில் ஒருமுறை போகும் தரவுப் பொட்டலம்) தலைப்புகளும் இடைவெளியும் போக, டிசிபிக்கு ஒரு ஜிகாபிட் கம்பியில் மிஞ்சுவது அவ்வளவுதான். ஆகவே 941 என்பது முழு மதிப்பெண். நான்கையும் சேர்த்து இரண்டு மணி நேரம் ஓடவிட்டேன். பிழை எண்ணிக்கை பூஜ்யத்திலேயே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அலுவலகம் பூட்டியிருக்கும் நேரமாகப் பார்த்துப் போனேன். பிஎஃப்சென்ஸின் அமைப்புகள் அனைத்தும் ஒரே கோப்பில் இருப்பதால், முதலில் அதை எடுத்து இரண்டு இடங்களில் வைத்தேன். ஒவ்வொரு கேபிளிலும் போர்ட்டின் பெயரை எழுதி ஒட்டினேன். பழைய கார்டின் நான்கு மேக் முகவரிகளையும் குறித்துக்கொண்டேன். கைப்பட்டையைச் சட்டத்தில் மாட்டிக்கொண்டு கார்டை மாற்ற ஆன நேரம் பத்து நிமிடம்கூட இல்லை.

பெட்டி இயங்கியதும், பழக்கத்தின் காரணமாக, பிசிஐகான்ஃப் கட்டளையால் கார்டின் இணைப்பு விவரத்தைப் பார்த்தேன். இந்தப் பழக்கத்துக்கு நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன். மதர்போர்டோடு தரவு பரிமாறக் கார்டுக்கு நான்கு தடங்கள் உண்டு. இயங்கியது ஒன்று மட்டும். கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸில் ஒரு தடம் சரியாகத் தொடவில்லை என்றால் கார்டு நின்றுவிடாது; குறைந்த தடங்களோடு சத்தமின்றி வேலை செய்யும். இரண்டாம் தலைமுறை வேகத்தில் ஒரு தடம் ஒரு திசையில் வினாடிக்கு 500 மெகாபைட், அதாவது நான்கு ஜிகாபிட் கொண்டுபோகும். நெறிமுறைச் செலவு போனால் நான்கு போர்ட்களும் முழுவேகத்தில் ஓட அது சற்றே போதாது. இந்த அலுவலகத்தின் இரண்டு இணைய இணைப்புகளும் சேர்ந்தே அரை ஜிகாபிட்டைத் தாண்டாது என்பதால், எவருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. வேகம் எனக்குப் பொருட்டாக இல்லை. நான்கு தடங்களில் மூன்று தொடவில்லை என்றால் நான்காவதும் என்றாவது விடும் என்பதே என் கவலை. திங்கட்கிழமை நான்கு போர்ட்களும் ஒன்றாக மறைந்ததற்கும், பெட்டி குளிர்ந்து மீண்டும் இயங்கியதும் திரும்பி வந்ததற்கும் விடை அப்போதுதான் கிடைத்தது. இடி ஒரு போர்ட்டைக் கொன்றது, இன்னொன்றைக் காயப்படுத்தியது. ஆனால் கார்டையே காணாமல் போகச் செய்தது இடி அன்று, ரைசர்.

ரைசரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தங்கமுலாம் பூசிய தொடுமுனைகளின் ஓரத்தில் பசுமை கலந்த கறை. கடலையும் மாஹிம் கழிமுகத்தையும் ஒட்டிய இந்தப் பகுதியின் காற்றில் உப்பும் ஈரமும் எப்போதும் உண்டு. சாக்கடைக் காற்றிலுள்ள கந்தக வாயு செம்பை அரிக்கும். மெல்லிய முலாமிலுள்ள நுண்துளைகள் வழியே அது உள்ளே இறங்கும். பகலில் ஏசி ஓடி இரவில் நிறுத்தப்படும் அறை என்பதால், குளிர்ந்த உலோகத்தின்மீது இரவுக் காற்று வியர்வையாகப் படியும். பழைய கார்டின் விளிம்பிலும் அதே கறை இருந்தது. கார்டைக் கழற்றிய வேகத்தில் நான் அதைக் கவனித்திருக்கவில்லை.

தொடுமுனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்ப்பது நம்மில் பலரும் செய்வது. நான் செய்வதில்லை. அது கறையோடு முலாமையும் சேர்த்துத் தேய்த்துவிடும். ஆறு மாதத்தில் கறை இரட்டிப்பாகத் திரும்பும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில்லாத துணியில் நனைத்துத் துடைத்து, உலரவிட்டு, மீண்டும் பொருத்தினேன். நான்கு தடங்களும் வந்தன. சோதனைக்காக மூன்று முறை நிறுத்தி இயக்கினேன். மூன்றாவது முறை இரண்டு தடங்கள் மட்டுமே. சுத்தம் செய்து சமாளிக்கும் கட்டத்தை அந்த ரைசர் தாண்டிவிட்டது என்பது தெளிவாயிற்று. ஞாயிறு என்பதால் லாமிங்டன் சாலையில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். தொழில்நண்பர் ஒருவரிடம் இருந்த அதே அளவு ரைசரைக் கடன் வாங்கிவந்து பொருத்தினேன். பத்து முறை நிறுத்தி இயக்கியபோதும் நான்கு தடங்கள் மாறவில்லை.

பெயர்கள் எதிர்பார்த்தபடியே ஐஜிபி2 முதல் ஐஜிபி5 வரை வந்தன. ஆயினும் கார்டு ரைசரில் கவிழ்ந்து படுத்திருப்பதால் பிராக்கெட்டில் அச்சிட்ட எண்கள் தலைகீழாக இருந்தன. பெட்டியின் பின்னால் குனிந்து பார்ப்பவருக்கு நான்காவது போர்ட் முதலாவதாகத் தோன்றும். எனவே அச்சை நம்பாமல், ஒரே ஒரு கேபிளை ஒவ்வொரு போர்ட்டிலும் செருகி, எந்தப் பெயரில் இணைப்பு எழுகிறது என்று பார்த்து, புதிய ஸ்டிக்கர்களை ஒட்டினேன். ஃபயர்வாலில் இந்த ஐந்து நிமிட வேலையைத் தவிர்க்கவே கூடாது. மாற்று இணைய இணைப்பும் கணக்கு அறையும் இடம் மாறிச் செருகப்பட்டால், வலையமைப்பு ஓரளவு இயங்கவும் செய்யும், தவறு வெளியே தெரியாமல் நாட்கணக்கில் இருக்கும்.

மாற்று இணைப்பு மட்டும் வரவில்லை. அந்தச் சேவையாளர், முதலில் இணைந்த கருவியின் மேக் முகவரியோடு இணைப்பைக் கட்டிவைத்திருக்கிறார். கார்டு மாறியதால் முகவரியும் மாறிவிட்டது. குறித்துவைத்திருந்த பழைய முகவரியை இடைமுக அமைப்பில் இட்டதும் இணைப்பு வந்தது. திங்களன்று அவர்களிடம் சொல்லிப் புதிய முகவரியைப் பதியச் செய்தபின் அந்த வரியை நீக்கினேன். முதன்மை இணைப்பை ஏன் கார்டுக்கு மாற்றவில்லை என்று அண்ணாச்சியின் மகன் கேட்டான். கல்லூரியில் கணினி படிப்பவன். ஐ350இன் ஒவ்வொரு போர்ட்டும் வரும் தரவை எட்டு வரிசைகளாகப் பிரித்துப் செயலியின் பல கோர்களுக்குக் கொடுக்க வல்லதுதான். ஆனால் அந்த இணைப்பு, தரவை இன்னோர் உறைக்குள் வைத்து அனுப்பும் பிபிபிஓஇ முறையில் வருவது. அந்த உறைக்குள் இருக்கும் ஐபி முகவரியைக் கார்டால் படிக்க முடியாததால், எல்லாச் சட்டகங்களும் ஒரே வரிசையில்தான் விழும். மாற்றினால் லாபம் இல்லை என்று விளக்கினேன். அவன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான்.

கடைசியாகச் சந்தைத் தாண்டும் கேபிள். செம்பை எடுத்துவிட்டு ஒற்றை இழை ஃபைபரைப் போட்டேன். இரு முனைகளிலும் மீடியா கன்வெர்ட்டர்கள், அதாவது இழையின் ஒளியைச் செம்புக் கேபிளின் மின்சைகையாகவும் மறுதிசையிலும் மாற்றும் சிறு பெட்டிகள். ஒன்று 1310 நானோமீட்டரில் அனுப்பி 1550இல் பெறும், மற்றது அதற்கு நேர்மாறு. இவற்றை ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். ஒரே வகையில் இரண்டு வாங்கினால் ஒன்றையொன்று பார்க்காது. கண்ணாடி இழையில் இடியின் மின்சாரம் ஏறாது என்றாலும், வெளியில் இழுக்கும் டிராப் கேபிளில் தாங்குவதற்காக எஃகுக் கம்பி ஒன்று உடன் ஓடுகிறது. அதை ரேக் வரை கொண்டுவந்தால் செம்பை எடுத்த பயனே போய்விடும். இரு கட்டடங்களிலும் சுவருக்கு வெளியே, கொக்கியிலேயே எஃகுக் கம்பியை வெட்டி நிறுத்தி, இழையை மட்டும் உள்ளே விட்டேன். கன்வெர்ட்டரிலிருந்து கார்டின் நான்காவது போர்ட்டுக்கு வருவது இப்போது அரை மீட்டர் பேட்ச் கேபிள்.

அதன்பின் மழைக்காலம் முழுவதும் வாரம் ஒருமுறை பதிவுகளைப் பார்த்துவந்தேன். ஜூலையில் இரண்டு இரவுகள் பலத்த இடி இருந்தது; கிடங்கில் ஒரு கேமரா மட்டும் போயிற்று, அது வெளிச்சுவரில் தனிச் செம்புக் கேபிளில் இருந்தது. செப்டம்பர் இறுதியில் நான்கு போர்ட்களிலும் சிஆர்சி பிழை பூஜ்யம், தடங்கள் நான்கு, சட்டத்துக்கும் எர்த்துக்கும் இடையே 0.6 வோல்ட். கடன் வாங்கிய ரைசருக்குப் பதில் புதிதொன்று வாங்கி நண்பரிடம் கொடுத்துவிட்டேன். பழைய கார்டின் மூன்றாவது, நான்காவது ஜாக்குகளைச் சிவப்பு நாடாவால் அடைத்து, பயிற்சிக்கு வைத்துக்கொள்ளும்படி அண்ணாச்சியின் மகனிடம் கொடுத்தேன். நேம்ஸ்பேஸ் சோதனையை முதல் இரண்டு போர்ட்களில் செய்து, 941 வந்ததாக மறுவாரம் எனக்குப் படம் அனுப்பியிருந்தான்.